சக்கரம் இறங்காத விமானம்



விமானச் சத்தம் கேட்டால் நம் பிள்ளைகள் கையிலிருக்கும் வேலையைப் போட்டுவிட்டு வாசலுக்கு ஓடுவார்கள். பெரியவர்களான நாமும் அண்ணாந்து பார்க்காமல் இருப்பதில்லை. அப்படிப் பார்க்கையில் ஒன்றைக் கவனித்திருப்போம். உயரே போகும் பெரிய விமானங்களுக்குச் சக்கரம் தெரிவதில்லை. கொக்கு பறக்கும்போது காலை மடக்காமல் பின்னால் நீட்டிக்கொள்ளும். விமானமோ தன் கால்களை மடக்கி வயிற்றுக்குள்ளேயே வைத்து மூடிக்கொள்கிறது. தரையிறங்கும் நேரத்தில்தான் அவற்றை வெளியே நீட்டும். அந்த நேரத்தில் அவை இறங்க மறுத்தால் என்ன செய்வது? இன்று அதைப் பற்றிப் பேசுவோம்.

2024ஆம் ஆண்டு மே மாதம் 13ஆம் தேதி, திங்கட்கிழமை. ஆஸ்திரேலியாவில் சிட்னிக்கு வடக்கே நியூகாசல் என்னும் துறைமுக நகரம் உண்டு. அங்கிருந்து போர்ட் மக்குவாரி என்ற ஊருக்குச் சிறிய விமானம் ஒன்று புறப்பட்டது. தூரம் 180 கிலோமீட்டர். அரை மணி நேரம்கூட ஆகாத பயணம். பீச்கிராஃப்ட் சூப்பர் கிங் ஏர் என்னும் இரட்டை இயந்திர விமானம் அது. உள்ளே மூன்றே பேர்: விமானி, 60 வயது ஆடவர் ஒருவர், 65 வயதுப் பெண்மணி ஒருவர்.

கிளம்பிய சிறிது நேரத்தில், காலை 9.30 மணி அளவில், சக்கரங்கள் கோளாறு செய்கின்றன என்று விமானி தரைக்குத் தெரிவித்தார். உடனே நியூகாசல் விமான நிலையத்தில் தீயணைப்பு வண்டிகளும் ஆம்புலன்சுகளும் போலீசாரும் வந்து நின்றார்கள். விமானம் மட்டும் இறங்கவில்லை. நகரத்துக்கு மேலேயே வட்டமிட்டுக்கொண்டிருந்தது. பத்து மணி ஆயிற்று, பதினொன்று ஆயிற்று, பன்னிரண்டும் ஆயிற்று. இன்னமும் சுற்றிக்கொண்டிருந்தது.

ஆபத்தில் இருக்கும் விமானம் ஏன் இத்தனை நேரம் வானத்தில் கிடக்க வேண்டும்? சட்டென்று இறக்கிவிட்டால் என்ன? நமக்கு இப்படித் தோன்றுவது இயல்புதான். இதற்கு விடை தெரிய வேண்டுமானால் சக்கரத்தின் கதையைக் கொஞ்சம் தெரிந்துகொள்ள வேண்டும்.

பயிற்சிக்குப் பயன்படும் சின்னஞ்சிறு விமானங்கள் பலவற்றில் சக்கரம் மடங்குவதே இல்லை. அவை மெதுவாகப் பறப்பவை. ஆனால் மணிக்கு 500 கிலோமீட்டர் வேகத்தில் போகும் விமானத்தின் கீழே சக்கரமும் அதன் கம்பிகளும் தொங்கிக்கொண்டிருந்தால், காற்று அவற்றில் மோதிப் பின்னுக்கு இழுக்கும். எரிபொருள் வீணாகும். அதனால்தான் மடக்குகிறார்கள். மடக்கவும் நீட்டவும் பெரும்பாலும் எண்ணெய் அழுத்தத்தைப் பயன்படுத்துகிறார்கள். தோட்டத்து டிராக்டர் தன் பின்பெட்டியைத் தூக்கிச் சரக்கைக் கொட்டுவதைப் பார்த்திருக்கிறோமே, அதே வித்தைதான்.

சக்கரம் இறங்கி நன்றாகப் பூட்டிக்கொண்டதும் விமானிக்கு முன்னால் பச்சை விளக்குகள் எரியும். மூக்குச் சக்கரத்துக்கு ஒன்று, இடப்பக்கத்துக்கு ஒன்று, வலப்பக்கத்துக்கு ஒன்று என மூன்று. மூன்றும் எரியாவிட்டால் இறங்கக் கூடாது. அழுத்தம் போய்விட்டாலும் மாற்று வழி வைத்திருப்பார்கள். சிறிய விமானங்களில் கையால் அடிக்கும் பம்போ, கையால் சுற்றும் பிடியோ இருக்கும். பெரிய விமானங்களில் பூட்டை விடுவித்தால் சக்கரம் தன் பாரத்தாலேயே கீழே விழும். இவை எல்லாம் கைவிட்டால்தான் வயிற்றால் இறங்குவது.

இதில் ஒரு விந்தை உண்டு. மூன்று சக்கரமும் இல்லாமல் இறங்குவதைவிட, ஒரு பக்கச் சக்கரம் மட்டும் இறங்கி மறுபக்கம் இறங்காமல் இருப்பதே பல சமயம் மோசமானது. ஒரு கால் ஊன்றி மறுகால் இல்லாதவன் போல விமானம் சாய்ந்து, இறக்கை தரையில் இடித்துச் சுழன்றுவிடும்.

இனி, வட்டமிட்ட காரணத்துக்கு வருவோம். கிங் ஏர் 200 வகை விமானத்தின் தொட்டிகள் நிறைந்திருந்தால் 2,000 லிட்டருக்கு மேல் எரிபொருள் இருக்கும். அது மண்ணெண்ணெய் இனத்தைச் சேர்ந்தது. எடை ஏறத்தாழ 1,600 கிலோ. வயிறு தரையில் உராய்ந்து தீப்பொறி பறக்கும்போது இறக்கைக்குள் அத்தனை மண்ணெண்ணெய் இருப்பதை யார்தான் விரும்புவார்கள்? பாரம் குறைந்தால் இன்னொரு நன்மை: விமானம் இன்னும் மெதுவாக இறங்கலாம். பெரிய விமானங்கள் சிலவற்றில் எரிபொருளை வானத்திலேயே வெளியே கொட்டிவிட வசதி உண்டு. சிறிய விமானத்தில் அந்த வசதி கிடையாது. பறந்து பறந்துதான் தீர்க்க வேண்டும்.

அப்படியானால் கடைசிச் சொட்டு வரை பறந்துவிடலாமா? அதுதான் இல்லை. இந்த இடத்தில் ஒரு துயரச் சம்பவத்தைச் சொல்லாமல் நகர முடியாது.

1978ஆம் ஆண்டு டிசம்பர் 28ஆம் தேதி மாலை, அமெரிக்காவின் போர்ட்லண்ட் நகரை நோக்கி யுனைடெட் நிறுவனத்தின் டிசி-8 விமானம் ஒன்று வந்துகொண்டிருந்தது. 189 பேர் இருந்தார்கள். சக்கரத்தை இறக்கியபோது வழக்கத்துக்கு மாறாகப் பெரும் சத்தம் கேட்டு விமானமே அதிர்ந்தது. பூட்டிக்கொண்டதைக் காட்டும் பச்சை விளக்குகள் மூன்றும் எரியவில்லை, சில மட்டும் அணைந்தே கிடந்தன. தலைமை விமானி அவசரப்படவில்லை. வானத்தில் சுற்றியபடியே கோளாறு என்னவென்று ஆராய்ந்தார். பயணிகளை ஆபத்தான தரையிறக்கத்துக்குத் தயார்படுத்தச் சொல்லிக் காத்திருந்தார். எல்லாம் முறையான காரியந்தான். ஆனால் அவர் கவனம் முழுவதும் சக்கரத்தின் மேல் இருந்தது. எரிபொருள் முள் இறங்கிக்கொண்டே வந்தது.

அதைக் கவனித்தவர்கள் இல்லாமலில்லை. கூட இருந்த பொறியாளர், இன்னும் கால் மணி நேரம் சுற்றினால் எரிபொருள் மிகவும் குறைந்துபோகும் என்று சொல்லத்தான் செய்தார். ஆனால் பெரியவரிடம் சின்னவர் பேசும் தொனியில் சொன்னார். அது காதில் விழுந்தது, மனத்தில் விழவில்லை. ஏறத்தாழ ஒரு மணி நேரம் சுற்றிய பிறகு இயந்திரங்கள் ஒவ்வொன்றாக அணைந்தன. விமான நிலையத்துக்குச் சில மைல் தொலைவில், மரங்கள் நிறைந்த புறநகர்ப் பகுதியில் விமானம் விழுந்தது. பத்துப் பேர் இறந்தார்கள். அந்தப் பொறியாளரும் அவர்களில் ஒருவர். எரிய எரிபொருள் இல்லாததால் தீப்பிடிக்கவில்லை. மற்றவர்கள் பிழைத்ததற்கு அதுவும் ஒரு காரணம்.

பிறகு நடந்த விசாரணையில் தெரிந்த உண்மை நெஞ்சை உறுத்துவது. சக்கரங்கள் மூன்றும் சரியாகவே இறங்கிப் பூட்டியிருந்தன. வலப்பக்கச் சக்கரம் வேகமாக விழுந்த அதிர்ச்சியில் விளக்குக்குச் செய்தி அனுப்பும் சிறு விசை கெட்டிருந்தது. விசாரணைக் குழு தலைமை விமானியின் கவனக் குறைவைச் சுட்டிக்காட்டியதோடு நிற்கவில்லை. எரிபொருள் தீர்வதை மற்ற இருவரும் அழுத்தமாகச் சொல்லத் தவறினார்கள் என்றும் எழுதிற்று. இதையொட்டி 1981இல் யுனைடெட் நிறுவனம் தன் விமானிகளுக்குப் புதிய பயிற்சி ஒன்றைத் தொடங்கியது. மேலதிகாரியிடம் ஆபத்தைத் தயங்காமல் எடுத்துச் சொல்வது எப்படி, சொல்வதை மேலதிகாரி காதுகொடுத்துக் கேட்பது எப்படி என்பதே அந்தப் பயிற்சி. பின்னாளில் உலகமெங்கும் விமானிகள் இதைக் கற்கலானார்கள். மண்டோரிடமும் கிராணியிடமும் வாய்திறக்கத் தயங்கிப் பழகிய நமக்கு, இப்படியும் ஒரு பாடம் உண்டா என்று வியப்பாகத்தான் இருக்கிறது.

சிறு விசையைப் பற்றிப் பேசியதால் இன்னொன்றும் நினைவுக்கு வருகிறது. 2011ஆம் ஆண்டு நவம்பர் 1ஆம் தேதி, போலந்து நாட்டின் பெரிய விமானம் ஒன்று 231 பேருடன் வார்சா நகரில் சக்கரமின்றி வயிற்றால் இறங்கியது. போர் விமானங்கள் அருகில் பறந்து சென்று சக்கரம் இறங்கவில்லை என்று பார்த்துச் சொல்லின. தலைமை விமானி தடேயுஷ் வ்ரோனா அத்தனை பேரையும் உயிரோடு இறக்கினார். பெரிய காயம்கூட யாருக்கும் இல்லை. பிறகு விமானத்தைத் தூக்கி நிறுத்தியபோது, பியூஸ் போல வேலை செய்யும் விசை ஒன்று விடுபட்டுக் கிடந்தது தெரிந்தது. அதை அழுத்தி மாற்று வழியை இயக்கினார்கள், சக்கரங்கள் இறங்கிவிட்டன!

நியூகாசலுக்குத் திரும்புவோம். அங்கே அந்த விமானி தனி ஆள். பக்கத்தில் இருந்து எரிபொருளைக் கணக்கிட்டுச் சொல்ல யாரும் இல்லை. ஓட்டவும் வேண்டும், தரையோடு பேசவும் வேண்டும், எரிபொருள் முள்ளைப் பார்க்கவும் வேண்டும், பின்னால் இருக்கும் இருவருக்கும் தைரியம் சொல்லவும் வேண்டும். எரிபொருளை மிகவும் குறைக்க வேண்டும். ஆனால் ஒருமுறை நிதானமாக இறங்கவும், ஓடுபாதை தவறினால் இன்னொரு முறை சுற்றி வரவும் போதுமான அளவு மிச்சம் இருக்க வேண்டும். ஏறத்தாழ மூன்று மணி நேரம் அவர் அந்த அளவை எட்டக் காத்திருந்தார்.

பகல் 12.20 மணி அளவில் விமானம் ஓடுபாதையை நோக்கித் தாழ்ந்து வந்தது. மூக்கைச் சற்றே உயர்த்தி, இறக்கைகளைச் சாயவிடாமல், கூடியவரை மெதுவாக வந்து வயிற்றை ஓடுபாதையில் வைத்தது. நேர்கோட்டில் வழுக்கிக்கொண்டே போய் நின்றது. தீப்பிடிக்கவில்லை. தீயணைப்பு வண்டிகள் சூழ்ந்துகொண்டன.

கதவு திறந்தது. மூவரும் யார் துணையும் இல்லாமல் நடந்தே வெளியே வந்தார்கள். மருத்துவ உதவியாளர்கள் சோதித்துப் பார்த்தார்கள், ஒருவருக்கும் காயமில்லை. போர்ட் மக்குவாரிக்கு என்று கிளம்பியவர்கள், ஏறிய ஊரிலேயே மத்தியானம் இறங்கினார்கள்.