ஊர்காவற்றுறைக் கடல்வாயிலும் அதன் கோட்டைகளும்

கோட்டையொன்றைக் காணச் செல்வோர் பெரும்பாலும் தரைவழியாகவே செல்வர். வாயிலுட் புகுந்து, மதில்மேலேறி, பீரங்கி வைத்திருந்த இடத்தில் நின்று கடலை நோக்கிவிட்டு மீள்வர். இது கோட்டையைக் காத்தவன் கண்கொண்டு அதனைப் பார்ப்பதாகும். அதனைக் கைப்பற்ற வந்தவன் கண்ட காட்சி யாது என அறிய விரும்புவோர் நீர்வழியாகவே அணுகுதல் வேண்டும். யாழ்ப்பாணத்தில் அவ்வாறு அணுகுதற்கு மிகவும் ஏற்ற இடம் காரைநகருக்கும் ஊர்காவற்றுறைக்கும் இடையிலுள்ள ஒடுங்கிய கடல்வாயிலாகும். அதன் நடுவே, நாற்புறமும் நீர் சூழ, சிறு திட்டொன்றின்மேல் நிற்பது கடற்கோட்டை. எதிரே ஊர்காவற்றுறைக் கரையில் இடிபாடாய்க் கிடப்பது ‘எயிரி’க் கோட்டை.

இன்று காரைநகர்க் கரையிலிருந்து கடற்படையினர் சிறு இயந்திரப் படகுகளிற் பார்வையாளரைக் கடற்கோட்டைக்கு ஏற்றிச் செல்கின்றனர். பயணம் சில நிமிடங்களே. ஆயினும் அச்சில நிமிடங்களிற் கற்றுக்கொள்ளத்தக்கவை பல. வழிகாட்டி கூறும் ஆண்டுகளையும் பெயர்களையும் கேட்டுக்கொண்டிருப்பவர், இடையிடையே படகின் ஓரத்தால் நீரையும் நோக்குதல் நன்று. வரலாற்றின் பாதி அங்கேதான் இருக்கின்றது.

யாழ்ப்பாணக் கடனீரேரி ஆழமற்றது. அதன் பல பகுதிகளில் ஆளொருவர் இறங்கி நடந்தே செல்லலாம். கம்புகளை நட்டு வலை கட்டி மீன்பிடிப்போர் அவ்வாறு நடந்து செல்வதை எந்நாளும் காணலாம். கற்பாரும் மணற்றிட்டும் நிறைந்த இத்தகைய நீரில் பாரிய கப்பல் எதுவும் விரும்பிய திசையிற் செல்ல இயலாது. ஆழமுள்ள ஒடுங்கிய வழியொன்றினாலேயே நுழைதல் வேண்டும். தீவுகளுக்கிடையே அத்தகைய வழிகள் சிலவே. அவற்றுள் வடமேற்கிலிருந்து வருவோர்க்கு வாய்ப்பானது இக்கடல்வாயில். எனவே இதனைக் காப்பவன் கடனீரேரிக்கே கதவு வைத்தவனாகின்றான். இங்கே மதிலின் வேலையிற் பெரும்பங்கை ஆழமற்ற கடலே செய்துவிடுகிறது. பீரங்கி எஞ்சிய இடைவெளியை அடைக்க மட்டுமே வேண்டப்பட்டது.

இவ்விடத்தின் சிறப்பு ஐரோப்பியர் வந்த பின்னர் ஏற்பட்டதன்று. 12 ஆம் நூற்றாண்டில் ஆண்ட முதலாம் பராக்கிரமபாகுவின் தமிழ்ச் சாசனமொன்று நயினாதீவிற் கிடைத்துள்ளது. பரதேசிகள் ஊராத்துறைக்கு வந்து தங்கவேண்டுமென்றும், அவர்கள் காக்கப்படவேண்டுமென்றும் அது விதிக்கின்றது. யானையும் குதிரையும் கொண்டுவரும் கலம் உடைந்தால் நாலிலொரு பங்கு அரச பண்டாரத்துக்கும் மூன்று பங்கு உடையவனுக்கும் உரியன. பிற வாணிகப் பொருள் ஏற்றிய கலம் உடைந்தாற் செம்பாதி பண்டாரத்துக்குரியது. இச்சாசனத்தைப் படித்தபின் இக்கடலிற் படகேறுவோர் ஒன்றை எளிதில் உணர்வர். கலம் உடைதல் இங்கே எப்போதோ நிகழும் விபத்தன்று. சட்டம் வகுக்க வேண்டிய அளவுக்கு வழக்கமான நிகழ்ச்சி. விலையுயர்ந்த யானைக்கும் குதிரைக்கும் அரசன் தன் பங்கைக் குறைத்துக்கொண்டமை, கரை சேர அஞ்சிய வணிகனை ஈர்க்கும் முயற்சியேயாகும்.

போர்த்துக்கேயர் காலத்தில் யானைகள் எதிர்த்திசையிற் செல்லலாயின. வன்னிக் காடுகளிற் பிடிபட்ட யானைகள் இத்துறைக்கு நடத்திவரப்பட்டு இந்தியக் கரைகளுக்கு ஏற்றப்பட்டன. ‘காய்ஸ்’ என்னும் போர்த்துக்கேயச் சொல் கப்பற்றுறை மேடையைக் குறிப்பது. யானைகள் ஏறும் துறைமேடை என அவர்கள் வழங்கிய பெயரின் தலைப்பகுதியே ஆங்கிலத்தில் இன்று ஊர்காவற்றுறைக்கு வழங்கும் ‘கயிற்ஸ்’ என்பதாயிற்று. பின்னர் ஒல்லாந்தரும் இவ்வாணிகத்தைக் கைவிடவில்லை. தென்னிலங்கையிற் பிடித்த யானைகளையும் யாழ்ப்பாணத்துக்கு நடத்திவந்து ஆண்டுதோறும் விற்றனர். வங்காளத்திலிருந்தும் கோல்கொண்டாவிலிருந்தும் வணிகர் வந்து வாங்கினர். ஒரு துறைக்கு இரு கோட்டைகள் எதற்கு என வினவுவோர்க்கு விடை இதிலுள்ளது.

1560 இற் கொன்ஸ்தாந்தீனு தெ பிறகன்சா யாழ்ப்பாணத்தின் மீது படையெடுத்து, அதனை ஆள முடியாமல் மன்னாரிற் கோட்டை கட்டிக்கொண்டமைந்தான். 1591 இல் மீண்டும் படையெடுப்பு. 1619 இற் பிலிப்பு தெ ஒலிவேறா சங்கிலி குமாரனைச் சிறைப்பிடித்த பின்னரே யாழ்ப்பாண இராச்சியம் முற்றாக அவர்கள் கைப்பட்டது. அதன் பின்னரே யாழ்ப்பாணத்துச் சதுரக் கோட்டையும் ஊர்காவற்றுறைக் கடல்வாயிலின் கோட்டைகளும் உருப்பெற்றன. ஒன்று கரையிலும் மற்றொன்று கடல் நடுவிலும் இருக்க, இடையிற் புகும் கலம் இருபுறத்துப் பீரங்கிக்கும் இலக்காகும். படகு இவ்விரண்டுக்கும் நடுவே வரும்போது ஒருமுறை இடமும் வலமும் திரும்பிப் பார்த்தால் இந்த அமைப்பை விளக்க வேறு வரைபடம் வேண்டியதில்லை.

கடற்கோட்டையின் மதில்கள் முருகைக்கல்லாலும் சுண்ணாம்புச் சாந்தாலும் ஆனவை. அதன் வடிவம் பல்கோணம்; ஐரோப்பியக் கோட்டைகளில் வழக்கமாகத் துருத்தி நிற்கும் பெரிய கொத்தளங்கள் இங்கில்லை. திட்டு அத்துணைச் சிறிது. கரையிலிருந்து பார்ப்போர்க்கு அது நீரின்மேல் மிதப்பதுபோலத் தோன்றும். படகு நெருங்கியபின்னரே மதிலின் உயரமும் தடிப்பும் புலப்படும். ஒல்லாந்தர் இதற்கு ‘ஹம்மன்ஹீல்’ எனப் பெயரிட்டனர். இலங்கைத் தீவு உப்பிட்டு உலர்த்திய பன்றித்தொடையின் வடிவினது என்றும், அதன் குதிப்பகுதி இவ்விடமென்றும் அவர்கள் கருதினர். மாங்காயென்றும் முத்தென்றும் இத்தீவை உவமித்துப் பழகிய சைவ வாசகர் முகஞ்சுளிக்கலாம். பெயரிட்டவன் தன் சமையலறைக்கு அப்பாற் போகவில்லை. சூழவுள்ள தீவுகளுக்கும் அவர்கள் தம் நாட்டு நகர்ப் பெயர்களையே சூட்டினர். காரைதீவு அம்ஸ்ரடாம் ஆயிற்று. வேலணைத்தீவு லெய்டன் ஆயிற்று. நெடுந்தீவின் ‘டெல்வ்ற்’ என்னும் பெயரே ஆங்கில வழக்கில் இன்றும் நன்கு நிலைத்திருப்பது.

இக்கோட்டை வீழ்ந்த விதமே இப்பயணத்தில் அறியவேண்டியவற்றுள் முதன்மையானது. 1658 பெப்ருவரியில் றிக்லொவ் வன் கூன்ஸ் தலைமையில் ஒல்லாந்தர் மன்னாரைக் கைப்பற்றிப் பின் யாழ்ப்பாணத்துட் புகுந்தனர். யாழ்ப்பாணக் கோட்டை முற்றுகையிடப்பட்டிருக்கையிலே கடற்கோட்டையும் தாக்கப்பட்டது. ஏறக்குறைய இரு கிழமை முற்றுகையின் பின் அங்கிருந்த போர்த்துக்கேயர் சரணடைந்தனர். மதில் உடைந்தமையாலன்று, உள்ளேயிருந்த நன்னீர்த் தொட்டி பீரங்கிக் குண்டுபட்டு அழிந்தமையாலேயே. குண்டும் மருந்தும் எத்துணை இருந்தாலும் நாற்புறமும் உவர்நீர் சூழ்ந்த திட்டில் குடிநீரின்றி எத்தனை நாள் இருத்தல் கூடும்?

இதனைச் சற்று விளக்குதல் தகும். யாழ்ப்பாணக் குடாநாட்டிலோ பெரிய தீவுகளிலோ கிணறு தோண்டினால் நன்னீர் கிடைக்கின்றதன்றோ? கடல் நடுவே இருக்கும் நிலத்தில் அது எங்கிருந்து வருகின்றது? மழைநீர் சுண்ணக்கல்லினூடு கீழிறங்கி, அங்கே பரவியிருக்கும் கடல்நீரின்மேல் நிற்கின்றது. நன்னீர் உவர்நீரினும் பாரங்குறைந்தது. ஆதலின் எளிதிற் கலவாது, நடுவிலே தடித்தும் ஓரங்களில் மெலிந்தும் ஒரு வில்லைபோல மிதக்கின்றது. கடல்மட்டத்துக்கு மேலே ஓரடி நன்னீர் நிற்குமாயின், கீழே ஏறக்குறைய 40 அடி நன்னீர் இருக்குமென்பது கணக்கு. நிலம் அகன்றிருந்தாற்றான் இவ்வில்லை தடிக்கும். கடற்கோட்டை நிற்கும் திட்டில் அதற்கு இடமேது? அங்கே கிணறு தோண்டினாற் கடலே ஊறும். மழையைத் தேக்கவேண்டும், அல்லது படகில் நீர் கொண்டுவரவேண்டும். முற்றுகையிடப்பட்டவனுக்குப் படகு வராது. பங்குனியிலும் சித்திரையிலும் யாழ்ப்பாணத்தில் மழையை எதிர்பார்த்திருப்பவன் நிலைமையை இக்கட்டுரையைப் படிப்போர்க்கு விரித்துரைக்க வேண்டியதில்லை. கடலாற் காக்கப்பட்ட கோட்டை அக்கடலாலேயே தாகத்துக்கு ஆளாயிற்று. குடாநாட்டின் கிணறுகளும் இதே வில்லையையே நம்பியிருப்பன. பெய்ததினும் மிகுதியாக இறைத்தால் அடியிலிருந்து உவர் எழும் என்பதைக் கரையோரத் தோட்டக்காரர் நூலிற் படியாமலே அறிவர்.

யாழ்ப்பாணக் கோட்டை ஏறக்குறைய மூன்றரை மாதம் தாக்குப்பிடித்து, நோயும் பசியும் மிக, 1658 யூனிற் சரணடைந்தது. வென்றவர்கள் தாம் கண்ட குறைகளைத் தாமே திருத்தலாயினர். கடற்கோட்டையின் மதிலின் கீழ் வெற்றிடமாயிருந்த பகுதிகள் மரவிட்டங்களாற் றாங்கப்பட்டிருந்தன. ஒல்லாந்தர் அவற்றுக்குக் கல்வளைவுக் கூரை அமைத்தனர். வாடைக் காற்றுக் காலத்து அலைகள் அத்திவாரத்தை அரித்தமையால், அலைகளைத் தடுக்கும் கல்லணையும் இட்டனர். பார்வையாளர் இன்று நுழைந்து குளிர்ச்சியை வியக்கும் வளைவறைகள் இத்திருத்தத்தின் பயனே. வழிகாட்டியின் பின்னே விரைந்து செல்லாது அவ்வறைகளிற் சிறிது நின்று, கல் கல்லைத் தாங்கும் முறையை நோக்குவது நன்று. கோட்டையுள்ள ஊர்தோறும் சுரங்கவழிக் கதையும் உண்டு. நீர் நடுவே நிற்கும் இக்கோட்டைக்கும் அக்கதையை யாரேனும் கூறின், கிணறே தோண்ட முடியாத இடத்திற் சுரங்கம் எங்ஙனம் என வினவுதல் போதும்.

யாழ்ப்பாணக் கோட்டையை ஒல்லாந்தர் ஐங்கோணமாக மாற்றிக் கட்டினர். உள்மதில்கள் 1680 இலும் புறவரண்கள் 1792 இலும் நிறைவெய்தின. நூற்றாண்டுக்கு மேலாக எழுந்த அவ்வரண் முற்றுப்பெற்று மூன்றே ஆண்டுகளில், 1795 இல், எதிர்ப்பின்றி ஆங்கிலேயர் கைக்கு மாறிற்று. ஐரோப்பாவில் ஒல்லாந்தின் நிலை மாறியபோது இங்கே மதில்களுக்குச் செய்ய ஏதும் இருக்கவில்லை. அக்கோட்டை போரினால் அழிவுற்றது நம் காலத்தில்தான்: 1990 இன் முற்றுகையும் அதன் பின் நிகழ்ந்தவையும் ஒல்லாந்தரின் சிலுவைக் கோயிலையும் மதில்களின் பெரும்பகுதியையும் கற்குவியலாக்கின. பிற்காலத்தில் மதில்கள் ஓரளவு புதுக்கப்பட்டுள்ளன, கோயில் மீளவில்லை.

கடற்கோட்டையோ பீரங்கிப் பயன் ஒழிந்தபின் சிறையாயிற்று. வெளியிலிருந்து வருவோரைத் தடுக்க அமைந்த கடலும் மதிலும் உள்ளிருப்போரைத் தடுக்கவும் உதவின. 1971 ஆம் ஆண்டுக் கிளர்ச்சியின் பின் தென்னிலங்கை இளைஞர் சிலரும் இங்கே சிறைவைக்கப்பட்டனர். இப்பொழுது அதே அறைகள் விடுதியாகத் திருத்தப்பட்டு, விருந்தினர் தங்கிச் செல்லும் இடமாயின. சிறைக்கூடத்தில் இன்பமாகத் துயில்வதை விரும்புவோரும் உளர், சுவை பலவிதம். ஆயினும் ஆட்புழக்கம் இருப்பதனாலேயே அக்கோட்டை இடியாது நிற்கின்றது என்பதையும் மறுத்தல் இயலாது.

எதிர்க்கரையிலுள்ள எயிரிக் கோட்டை அதற்குச் சான்று. ஒல்லாந்தர் கடல் நடுவிலுள்ள அரணே போதுமெனக் கொண்டு இதனைப் பேணாது விட்டனர். படகு சற்று விலகி ஊர்காவற்றுறைப் பக்கமாக வருமாயின் அதன் நிலை தெளிவாகத் தோன்றும். மதில்களைப் பற்றைகள் மூடியுள்ளன. வேர்கள் சாந்தைப் பிளந்துள்ளன. முருகைக்கற்கள் ஒவ்வொன்றாய்க் கழன்று கடலோரத்தில் வீழ்ந்துள்ளன. கடலிலிருந்து எடுக்கப்பட்டது கடலுக்கே போகின்றது. ஊர்காவற்றுறைக் கோட்டைகளோடு மக்கள் வழக்கிற் பிணைந்து நிற்பது பூதத்தம்பியின் கதை. ஒல்லாந்தர் யாழ்ப்பாணத்தைக் கைப்பற்றிய 1658 ஆம் ஆண்டிலேயே அவர்க்கெதிரான சூழ்ச்சியொன்று வெளிப்பட்டுப் பலர் கொல்லப்பட்டனர் என்பது அக்காலத்தில் இங்கிருந்த பால்தேயு பாதிரியாரின் நூலாலும் அறியப்படுவது. வஞ்சகத்தாற் பூதத்தம்பி தலையிழந்தான் என நாட்டுக்கூத்து கூறும். வரலாறும் கூத்தும் எவ்விடத்திற் பிரிகின்றன என்பதைத் தனியே ஆராய்தல் வேண்டும். படகில் வரும் வழிகாட்டியிடம் கேட்டறியத்தக்கதன்று.

கடல் அமைதியாயிருப்பது வாடைக்கும் சோளகத்துக்கும் இடைப்பட்ட பங்குனி, சித்திரை மாதங்களில். காரைநகரிலிருந்து பொதுமக்களை ஏற்றிச் செல்லும் பாதையில் ஊர்காவற்றுறைக்குக் கடந்து, கரைவழியே நடந்தும் எயிரிக் கோட்டையை அடையலாம். கடற்கோட்டைக்குக் காவலுண்டு, கூரையுண்டு. எயிரிக்கு எஞ்சியவை சில மதில்களும் ஒவ்வோர் ஆண்டும் குறையும் கற்களுமே. அவற்றின் நீளத்தையும் உயரத்தையும் தடிப்பையும் அளந்து, நிழற்படம் எடுத்து, வரைபடமாக்கி வைத்தல் உயர்வகுப்பு மாணவர் சிலர் அனுமதி பெற்று ஒரு சித்திரை விடுமுறையிற் செய்துமுடிக்கத்தக்க வேலை. அதற்கு வேண்டியவை அளவுநாடாவும் குறிப்பேடும், பற்றை வெட்டக் கத்தியொன்றும், அக்கரை வெயிலுக்குப் போதிய குடிநீருமே.