மரியாதை கேட்டது யார்?



ஒருவர் பாடிப் பதிவுசெய்த பாட்டை இன்னொருவர் தம் குரலில் மறுபடி பதிவுசெய்வதை இசை உலகில் 'கவர்' என்பார்கள். நம்மூர் மேடைக் கச்சேரிகளில் நடப்பது பெரும்பாலும் அச்சு அசலாகப் பாடிக் காட்டுவது. நாம் பேசப்போவது அதுவல்ல. பாட்டு அதேதான், ஆனால் பாட்டுக்குள் பேசுகிற ஆள் மாறிவிடுகிறார். ஆண் பாடியதைப் பெண் எடுத்தால் என்ன ஆகிறது? பெண் பாடியதை ஆண் எடுத்தால்? அமெரிக்கக் கறுப்பின மக்களிடமிருந்து வந்த இரண்டு பாட்டுகளை வைத்து இதைப் பார்க்கலாம். 1972இல் பம்பாயில் தலித் சிறுத்தைகள் தங்கள் பெயரையே கறுஞ்சிறுத்தைகளிடமிருந்து எடுத்துக்கொண்டார்கள். அந்த மக்களின் பாடு நமக்கு அந்நியமில்லை.

'ரெஸ்பெக்ட்' என்ற பாட்டை எழுதிப் பாடியவர் ஓட்டிஸ் ரெட்டிங். மெம்பிஸ் நகரத்து ஸ்டாக்ஸ் நிறுவனம் அதை 1965இல் வெளியிட்டது. அதில் பேசுகிறவன் உழைத்துச் சம்பாதித்து வீடு திரும்புகிற ஆண். வேண்டியதையெல்லாம் உனக்குத் தந்தாயிற்று, நான் இல்லாதபோது நீ எப்படி நடந்தாலும் போகட்டும், வாசலில் கால் வைக்கும்போது எனக்குரிய மரியாதையைத் தா என்பதே அவன் கேட்பது.

இவனை ஆணாதிக்கக்காரன் என்று ஒரே சொல்லில் தள்ளிவிட நமக்கு மனம் வரவில்லை. தலை நரைத்த கறுப்பரையும் வெள்ளையர்கள் 'பையா' என்று கூப்பிட்ட தெற்கு அது. சேரிப் பெரியவர்களை ஊர்த்தெருச் சிறுவர்கள் வாடா போடா என்றதைக் கேட்டு வளர்ந்தவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. மூன்று ஆண்டுகள் கழித்து, 1968 பிப்ரவரியில், அதே மெம்பிஸில் குப்பை வண்டிக்குள் நசுங்கி இரண்டு தொழிலாளர்கள் இறந்தார்கள். சுமார் 1300 துப்புரவுத் தொழிலாளர்கள் வேலையை நிறுத்தித் தெருவுக்கு வந்தார்கள். அவர்கள் ஏந்திய அட்டையை 'நான் மனிதன்' என்று நாம் மொழிபெயர்த்துக்கொள்கிறோம். 'மேன்' என்ற ஆங்கிலச் சொல்லுக்கு 'ஆண்' என்றும் பொருள் உண்டு.

வெளியே மறுக்கப்பட்ட மரியாதையை ரெட்டிங்கின் ஆண் வீட்டுக்குள் கேட்கிறான். யாரிடம் கேட்கிறான்? வெளியே அவனைவிடவும் கீழே நிறுத்தப்பட்ட ஒருத்தியிடம்.

அந்த ஒருத்தி 1967இல் பதில் சொன்னாள். டெட்ராய்ட் நகரத்துப் போதகரின் மகள் அரீத்தா ஃபிராங்க்ளின், தேவாலயத்தில் பாடி வளர்ந்தவர். அந்த ஆண்டு பிப்ரவரி 14 அன்று நியூயார்க்கில் இந்தப் பாட்டைப் பதிவுசெய்தார். மாற்றியது சில சொற்களைத்தான். அவன் பாட்டில் வேண்டியதெல்லாம் அவளுக்கு அவன் தந்தது. இவர் பாட்டில் வேண்டியதெல்லாம் அவளிடமே இருக்கிறது. பணமும் அவளுடையது, கொடுக்கப்போகிறவளும் அவளே. நீ இல்லாதபோதும் நான் தவறு செய்யமாட்டேன், எனக்கே அதில் விருப்பமில்லை என்கிறாள். அதாவது, அவன் போனால் போகட்டும் என்று விட்டுக்கொடுத்த சலுகை அவளுக்குத் தேவைப்படவில்லை. வாசல் மாறவில்லை, வீடு திரும்புகிறவனும் அவன்தான். இப்போது மரியாதை தர வேண்டியவன் அவன்.

ரெட்டிங்கிடம் இல்லாத ஒன்றும் சேர்ந்தது. மரியாதை என்ற அந்த ஆங்கிலச் சொல்லை எழுத்து எழுத்தாகப் பிரித்துச் சொல்கிறார் அரீத்தா, புரியாத பிள்ளைக்குப் பலகையில் எழுதிக் காட்டுவதுபோல. பின்குரல் கொடுத்தவர்கள் அவருடைய சகோதரிகள் கரோலினும் எர்மாவும். ஒருத்தியின் வீட்டுச் சண்டை பல பெண்களின் கோரிக்கையாகக் கேட்பதற்கு அந்தப் பின்குரல்தான் காரணம் என்பது நம் எண்ணம். ஜூனில் அது அமெரிக்கப் பாடல் பட்டியலின் முதலிடத்துக்கு வந்தது. குடியுரிமைப் போராட்டக்காரர்களும் பெண்ணியவாதிகளும் தங்கள் பாட்டாக எடுத்துக்கொண்டார்கள். அதே மாதம் மான்டெரே இசை விழா மேடையில், ஒரு பெண் என் பாட்டைக் கொண்டுபோய்விட்டாள் என்று ரெட்டிங் வேடிக்கையாகச் சொன்னார். அந்த டிசம்பரில் விமான விபத்தில் இறந்தபோது அவருக்கு வயது 26.

பாமாவின் 'சங்கதி' 1994இல் வந்தபோது நம்மில் சிலருக்கு உறுத்தியது இதே இடம்தான். காட்டில் மேல்சாதிக்காரனிடமும் வீட்டில் புருஷனிடமும் படுகிறவள் பேசத் தொடங்கினால், இயக்கத்துக்குள் மரியாதை என்ற சொல்லை நாம் பழையபடி சொல்லிக்கொண்டிருக்க முடியாது.

எதிர்த்திசையிலும் இது நடக்கும். வில்லி மே 'பிக் மாமா' தார்ன்டன் (இந்த 'மாமா' நம் மாமா அல்ல, அம்மா) 1952இல் 'ஹவுண்ட் டாக்' பாட்டைப் பதிவுசெய்தார். லீபர், ஸ்டோலர் என்ற இரண்டு வெள்ளை இளைஞர்கள் அவருக்காகவே எழுதியது. தன் உழைப்பில் ஒட்டிக்கொண்டு தின்னும் ஆணை நாய் என்று திட்டி வாசலுக்கு வெளியே தள்ளுகிற பெண்ணின் பாட்டு. 1953இல் கறுப்பின இசைப் பட்டியலில் ஏழு வாரம் முதலிடத்தில் நின்றது. 1956இல் எல்விஸ் பிரெஸ்லி பாடியது லாஸ் வேகாஸில் ஒரு குழு சொல் மாற்றிப் பாடிவந்த வடிவத்தை. அதில் சோம்பேறிப் புருஷன் காணாமல் போய்விட்டான். மிஞ்சியது முயல் பிடிக்கத் தெரியாத வெறும் நாய். துள்ளல் இருக்கிறது, கோபம் இல்லை. ஒப்பாரியை ஆண்கள் மேடையேற்றும்போதும் நமக்கு இந்தக் குறை தோன்றுவதுண்டு. புருஷன் வீட்டையும் அண்ணன் தம்பியையும் ஒரு பெண் பலர் முன்னால் வாய்விட்டுத் திட்ட இழவு வீடுதான் இடம். மேடைக்கு அழுகை வந்துசேர்கிறது, திட்டு வருவதில்லை.

கடைசியாகக் காசு. 'ஹவுண்ட் டாக்' பாட்டுக்குத் தமக்கு 500 டாலர் காசோலை ஒன்றுதான் வந்தது என்று தார்ன்டன் பின்னாளில் சொன்னார். அரீத்தாவின் நிலை வேறு, அவர் புகழோடும் வசதியோடும் வாழ்ந்து 2018இல் மறைந்தவர். ஆனாலும் அமெரிக்கச் சட்டப்படி வானொலியில் ஒரு பாட்டு ஒலித்தால் எழுதியவர் தரப்புக்குத்தான் ராயல்டி, பாடியவருக்கு இல்லை. ஒரு பெண் தனக்கு மரியாதை கேட்கும் அந்தக் குரல் அங்கே வானொலியில் ஒலிக்கிறபோதெல்லாம் பணம் போய்ச் சேருவது, வீட்டு வாசலில் தனக்கு மரியாதை கேட்ட ஆணின் பாட்டை எழுதியவர் கணக்குக்கு.