கென்னத் ஆண்டர்சனின் நெம்புகோல் துப்பாக்கி

ஜவளகிரி, தேன்கனிக்கோட்டைக் காடுகளில் ஆட்கொல்லி விலங்குகளைத் தேடியலைந்த பெங்களூரு எழுத்தாளர் கென்னத் ஆண்டர்சன் (1910–1974) ஏந்திய .405 வின்செஸ்டர் துப்பாக்கி, ஜான் பிரௌனிங் வடிவமைத்த 1895ஆம் ஆண்டு மாதிரியைச் சேர்ந்தது; விசையைச் சூழ்ந்த நெம்புகோலைக் கீழிறக்கி மேலேற்றினால் வெற்றுக்கூடு வெளியேறி அடுத்த தோட்டா உள்ளே நுழையும். சுமார் 19 கிராம் எடையுள்ள குண்டை அது வினாடிக்கு ஏறத்தாழ 670 மீட்டர் வேகத்தில் செலுத்தியது. இத்தகைய பழைய தோட்டாக்கள் கடைகளில் அரிதானபோது, மேலைநாட்டு ஆர்வலர்கள் சுட்டு முடித்த பித்தளைக் கூட்டிலேயே புதிய எரிமூட்டி, மருந்து, குண்டு ஆகியவற்றைப் பொருத்தி, சுடுதளத்தில் குண்டின் வேகத்தையும் இலக்குத்தாளில் துளைகள் விழும் நெருக்கத்தையும் அளந்து சரிபார்த்தனர். மருந்து சிறிது மிகுந்தாலும் அழுத்தம் உயர்ந்து துப்பாக்கியே சிதறக்கூடுமாதலால், இதில் துணிவைவிடப் பொறுமையே பாராட்டத்தக்கது. இந்தியாவிலோ, 1959ஆம் ஆண்டு ஆயுதச் சட்டப்படி, உரிமமின்றித் தோட்டா தயாரிப்பது குற்றம்.