வனத்தின் கணக்கும் வானத்தின் சாக்ஷியும்

ஒரு தேசத்தின் பூமியை அளப்பவர் யார், அந்த அளவு யாருடைய நன்மைக்காகச் செய்யப்படுகிறது என்னும் இரண்டு கேள்விகளும் சுயராஜ்யத்தைச் சேர்ந்த கேள்விகளே. 1802-ம் வருஷத்தில் சென்னையை அடுத்த பரங்கிமலைப் பக்கத்தில் வில்லியம் லாம்ப்டன் என்னும் துரை சங்கிலி பிடித்து அடிக்கோடு அளந்தார். இந்தியாவின் மகத்தான முக்கோண அளவை வேலை அங்கேதான் ஆரம்பமாயிற்று. அவ்வேலையின் நுட்பத்தை நாம் குறை கூற வரவில்லை. ஆனால் கும்பினியார் நமது நிலத்தை அளந்தது ஆட்சிக்காகவும் வரிக்காகவும் படைகளின் நடமாட்டத்திற்காகவுமே அன்றி, அந்நிலத்தில் வாழ்ந்தவர்களின் க்ஷேமத்திற்காக அன்று. தேசப் படம் ஆள்வோரின் பெட்டிக்குள் இருந்தது. ஆளப்பட்டோர் அதைக் கண்ணால் கண்டதுமில்லை.

இன்று அதே பூமி ஆகாயத்திலிருந்து அளக்கப்படுகிறது. 1972-ம் வருஷம் ஜூலை மாதம் 23-ந் தேதி அமெரிக்கா ஏவிய செயற்கைக் கோள், பின்னர் லாண்ட்ஸாட் என்று பெயர் பெற்றது. சுமார் 900 கிலோமீட்டர் உயரத்தில் பூமியைச் சுற்றிய அது, 18 தினங்களுக்கு ஒரு முறை ஒவ்வோரிடத்தையும் திரும்பப் பார்த்தது. ஆற்றின் போக்கு மாறுவதும், ஏரி சுருங்குவதும், காடு கழனியாவதும் ஒரே பார்வையில் தெரிய வந்தன.

இதில் மாய வித்தை எதுவுமில்லை. பச்சை இலை சிவப்பு ஒளியை உண்டுவிடுகிறது; நமது கண்ணுக்குத் தெரியாத அகச்சிவப்பு ஒளியையோ தாராளமாகத் திருப்பியனுப்புகிறது. நீர் அகச்சிவப்பு ஒளியை விழுங்கிவிடுவதால் படத்தில் கறுத்துத் தோன்றுகிறது. இவ்வாறு திரும்பி வரும் ஒளிகளைத் தனித்தனியே அளந்து ஒப்பிட்டால் மரம், பயிர், நீர், வெறுந்தரை என்று பிரித்தறியலாம். மேகம் மறைக்கும் மழைக்காலத்தில் ஒளி உதவாது. அப்பொழுது ராடார் அலைகள் துணை செய்கின்றன. நமது தேசமும் அமெரிக்காவும் சேர்ந்து அமைத்த நிஸார் என்னும் கோள் 2025-ம் வருஷம் ஜூலை 30-ந் தேதி ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து ஏவப்பட்டது இதன் பொருட்டே.

இவ்வித்தையில் இந்தியர் பிறர் கையை எதிர்பார்த்து வாளா இருந்துவிடவில்லை. 1970-ஐ ஒட்டிய காலத்திலேயே பேராசிரியர் பி. ஆர். பிஷாரடி கேரளத்தின் தென்னந்தோப்புகளை ஹெலிகாப்டரிலிருந்து அகச்சிவப்புப் படச் சுருளில் படம் பிடித்து, வேர் வாடல் நோய் கண்ட மரங்களை அடையாளம் காட்டினார். பிறகு 1988-ம் வருஷம் மார்ச்சு 17-ந் தேதி, நமது விஞ்ஞானிகள் செய்த ஐ. ஆர். எஸ். 1-ஏ என்னும் கோள் சோவியத் யூனியனின் பைக்கனூர் தளத்திலிருந்து விண்ணேறியது. அந்நியன் அளந்த தேசம் தன்னைத் தானே அளந்துகொள்ளத் தொடங்கியது.

ஒரே காடு, இரண்டு கணக்கு

ஆனால் கண் நம்முடையதாக இருந்தால் மட்டும் போதுமா? அக்கண் கண்டதை யார் படிக்கிறார், எப்படிப் படிக்கிறார் என்பதே பெரிய விஷயம். நமது வனங்களின் சரித்திரம் இதற்குத் தக்க உதாரணம்.

தேசத்தின் பரப்பில் நூற்றுக்குச் சுமார் 23 பங்கு காடு என்று வன இலாகாப் பதிவேடுகள் வெகு காலமாகச் சொல்லி வந்தன. அது சட்டத்தினால் காடென்று குறிக்கப்பட்ட நிலத்தின் கணக்கு. அங்கே மரம் நிற்கிறதா என்பதற்கு அதில் விடையில்லை. ஹைதராபாத்திலுள்ள தேசியத் தொலையுணர்வு நிறுவனம் லாண்ட்ஸாட் படங்களை ஆராய்ந்து 1980-களின் நடுவில் வெளியிட்ட கணக்கு பலரைத் திடுக்கிடச் செய்தது. 1972-75-ம் வருஷங்களில் சுமார் 5 கோடியே 55 லட்சம் ஹெக்டேராக இருந்த காடு, 1980-82-ல் சுமார் 4 கோடியே 63 லட்சம் ஹெக்டேராகக் குறைந்துவிட்டது என்பதே அக்கணக்கு. அதாவது நூற்றுக்கு 16.9 பங்காயிருந்தது 14.1 பங்காயிற்று. ஏழெட்டு வருஷங்களுக்குள் 90 லட்சம் ஹெக்டேருக்கு மேற்பட்ட காடு போய்விட்டது! காகிதத்தில் நின்ற மரங்கள் பூமியில் நிற்கவில்லை என்று வானம் சாக்ஷி கூறிற்று.

இதற்குள் 1981-ல் ஏற்பட்ட இந்திய வன அளவை ஸ்தாபனம், அதே லாண்ட்ஸாட் வரிசையின் 1981-83-ம் வருஷத்துப் படங்களைக் கொண்டு 1987-ல் தனது முதல் அறிக்கையை வெளியிட்டது. அதன்படி காடு நூற்றுக்குச் சுமார் 19.5 பங்கு! ஏறக்குறைய ஒரே காலத்துப் படங்கள். விடைகளோ 14-ம் 19-ம். எதைக் காடென்று கொள்வது, எவ்வளவு அடர்த்தி வரையில் கணக்கில் சேர்ப்பது என்பதைப் பொறுத்துக் கோடிக்கணக்கான ஹெக்டேர் தோன்றவும் மறையவும் கூடும் என்பது அப்பொழுது விளங்கிற்று. கண்ணால் கண்டதும் பொய், காதால் கேட்டதும் பொய், தீர விசாரிப்பதே மெய் என்ற பழமொழி செயற்கைக் கோளுக்கும் பொருந்தும்.

எது காடு?

இப்பொழுது அனுசரிக்கப்படும் விதி யாது? ஒரு ஹெக்டேர் அல்லது அதற்கு மேற்பட்ட நிலத்தில், மரங்களின் நிழல் நூற்றுக்குப் பத்துப் பங்கு விழுந்தால் அது வனப் பரப்பு. நிலம் யாருடையது, மரம் எந்த ஜாதி என்ற பேதமில்லை. ஆகவே பழத்தோட்டமும், மூங்கில் தோப்பும், தென்னந்தோப்பும், ஆதிகாலத்து மழைக்காடும் ஒரே தலைப்பின் கீழ் எண்ணப்படுகின்றன. ஆயிரம் ஜீவராசிகளுக்கு வீடாயும் ஆறுகளுக்குத் தாயாயும் உள்ள சோலையும், வெட்டி விற்பதற்கென்று வைத்த மரவரிசையும் ஒன்றாகுமா?

இதன் விளைவைப் பாருங்கள். 2021-ம் வருஷத்து அறிக்கை, இரண்டு வருஷங்களில் தேசத்தின் வனப் பரப்பு 1,540 சதுர கிலோமீட்டர் பெருகிற்று என்றது. அதே அறிக்கையின் உட்பக்கத்தைப் புரட்டினால், வடகிழக்கு மாகாணங்களில் 1,020 சதுர கிலோமீட்டர் குறைந்தது தெரியும். ஆந்திரம், தெலுங்கானா, ஒரிஸ்ஸா முதலிய இடங்களில் ஏறிய கணக்கு மலைநாட்டின் நஷ்டத்தை மூடிவிட்டது. நாகர்நாட்டின் மலையில் விழுந்த மரத்திற்கு வேறொரு ஜில்லாவில் வளர்ந்த தோப்பு ஈடாகாது. கூட்டல் கழித்தலில் ஈடாகலாம். மழைக்கும் மண்ணுக்கும் ஆகாது.

வருஷத்திற்கு வருஷம் ஒப்பிடுவதிலும் எச்சரிக்கை வேண்டும். 1999-ம் வருஷத்து அறிக்கையில் 6,37,293 சதுர கிலோமீட்டராயிருந்த வனப் பரப்பு, 2001-ம் வருஷத்து அறிக்கையில் 6,75,538 ஆக ஏறிற்று. இரண்டே வருஷத்தில் 38,000 சதுர கிலோமீட்டர் காடு முளைத்துவிட்டதா? இல்லை. அதுவரை 25 ஹெக்டேருக்குக் குறைந்த துண்டுகள் கணக்கில் வரவில்லை. அவ்வருஷ முதல் ஒரு ஹெக்டேர்த் துண்டுகளும் வந்தன. கருவி நுட்பமானதால் வந்த ஏற்றத்தைக் காடு வளர்ந்ததென்று மேடையில் பேசுவது ஜனங்களை மயக்குவதாகும். 2023-ம் வருஷத்து அறிக்கை வனப் பரப்பை நூற்றுக்கு 21.76 என்கிறது, இவ்வெண்ணையும் இந்த எச்சரிக்கையோடேயே படிக்க வேண்டும். 1988-ம் வருஷத்து வனக் கொள்கை வகுத்த லக்ஷியமோ மூன்றிலொரு பங்கு.

ரகசியம் யாரிடமிருந்து?

ஆகையால் நாம் கேட்க வேண்டியவை இரண்டு. இயற்கைக் காடும் நட்ட தோப்பும் தனித்தனியே எண்ணப்படவேண்டும். எண்ணுக்கு ஆதாரமான படங்கள், எந்த மலையில் எந்தச் சரிவு என்ற விவரத்துடன், பிரஜைகள் யாவருக்கும் தாராளமாகக் கிடைக்கவேண்டும்.

படங்களை வெளியிட்டால் தேசப் பாதுகாப்புக்குப் பங்கம் வரும் என்று சிலர் ஆக்ஷேபிக்கக் கூடும். படைத்தளங்களைப் பற்றி அப்படிச் சொல்வதில் நியாயமுண்டு. ஆனால் காட்டையும் ஏரியையும் பற்றி அந்த வாதம் நில்லாது. அமெரிக்கா 2008-ம் வருஷத்தில் தனது லாண்ட்ஸாட் படங்களை உலகத்தார் யாவருக்கும் இலவசமாக்கிவிட்டது. 2015 முதல் விண்ணேறிய ஐரோப்பியரின் ஸென்டினல் கோள்களும் பத்து மீட்டர் நுட்பமுள்ள படங்களை இலவசமாக அளிக்கின்றன. அந்நியர் அறிந்ததை, அந்நியர் கொடுத்தால் நாமும் அறியக் கூடியதை, நமது சர்க்கார் நம்மிடமிருந்து மறைப்பதனால் யாருக்கு லாபம்? மரத்தை வெட்டியவனுக்கே லாபம்.

தேச ஊழியர்களுக்கும் இதில் ஒரு கடமையுண்டு. சர்க்காரைக் குறை கூறித் தீர்மானம் நிறைவேற்றுவதோடு நிற்கலாகாது. படம் வாசிக்கக் கற்ற இரண்டு வாலிபர் ஒவ்வொரு தாலுகாவிலும் இருப்பார்களானால், தங்கள் ஏரியும் மலையும் 1972 முதல் எவ்வாறு மாறி வந்தன என்பதைத் தாங்களே கண்டறியலாம். கண்டறிந்த பின் கால்நடையாகச் சென்று, படம் சொன்னது மெய்தானா என்று தரையில் விசாரிக்க வேண்டும். அவ்விடத்துக் குடியானவனும் மலைவாசியும் சொல்வதைக் காது கொடுத்துக் கேட்க வேண்டும். வானத்துச் சாக்ஷியும் பூமியின் சாக்ஷியும் ஒன்றுபட்டால், அதை மறுக்க எந்த அதிகாரியாலும் ஆகாது.

அன்று பரங்கிமலையில் சங்கிலி பிடித்த கூலிக்காரன், தான் எதை அளக்கிறோம் என்பதை அறியாமல் அளந்தான். அவனுடைய சந்ததியார் இன்று பிரஜைகள்; தங்கள் தேசத்தின் கணக்கைக் கேட்டு வாங்கிப் படிக்கும் உரிமையுள்ளவர்கள். அவ்வுரிமையைச் செலுத்தாதிருந்தால் குற்றம் நம்முடையதே.