வான்கோ வரைந்த கிழவர்

1888 ஆகஸ்ட்டில், பிரான்ஸின் தெற்கே ஆர்ல் நகரில் வின்சென்ட் வான்கோ ஒரு கிழவரை உட்கார வைத்து வரைந்தார். பெயர் பசியான்ஸ் எஸ்காலியே. கமார்க் பகுதியில் மாடு மேய்த்தவர். அப்போது ஒரு பண்ணையில் தோட்டக்காரர். ஆள் நேரில் கிடைத்தவர்தான். ஆனால் உழைப்பாளியின் முகத்தை இப்படிப் பார்க்க வான்கோவைப் பழக்கியவை பழைய பத்திரிகைப் படங்கள்.

1869இல் லண்டனில் தொடங்கிய 'தி கிராஃபிக்' வார இதழ், ஏழை எளியவர்களின் முகங்களை 'மக்களின் தலைகள்' என்ற வரிசையில் பெரிதாக வெளியிட்டது. சுரங்கத் தொழிலாளி, விவசாயக் கூலி என்று ஒவ்வொரு முகமாக வந்தது. லண்டனில் வேலை பார்த்த இளவயதிலேயே வான்கோ இந்த இதழின் படங்களைத் தேடிப்போய்ப் பார்த்தார். பின்பு தி ஹேக்கில், தம்பி அனுப்பும் பணத்தில் காலம் தள்ளியபோதும், கிராஃபிக்கின் பழைய தொகுதிகளை மொத்தமாக வாங்கிச் சேர்த்தார்.

அவை மரச்செதுக்குப் படங்கள். கெட்டியான மரக்கட்டையில் வெள்ளையாக விழவேண்டிய இடங்களைச் சிற்றுளியால் சீவி எடுத்துவிடுவார்கள். மேடாக நிற்கும் கோடுகளில் மட்டுமே மை ஒட்டும். சாம்பல் நிறத்துக்குத் தனி மை கிடையாது. கன்னக்குழியில் நிழல் விழக் கோடுகளை நெருக்க வேண்டும். நெற்றியில் வெளிச்சம் விழ விலக்க வேண்டும். அதனால் அந்த முகங்களே உழுத நிலம்போல இருக்கும்.

இனி எஸ்காலியேவின் கன்னத்தைக் கிட்டத்தில் பாருங்கள். தூரிகைக் கோடுகள் ஒன்றோடொன்று குழையாமல் தனித்தனியே நிற்கின்றன. அச்சில் கறுப்பு மை செய்த வேலையை இங்கே சிவப்பும் பச்சையும் மஞ்சளும் செய்கின்றன. தலையில் மஞ்சள் தொப்பி, பின்னால் அடர்நீலம். அறுவடைக் கால உலைச் சூட்டில் நிற்பவராக இவரைக் கற்பனை செய்ததாகத் தம்பி தியோவுக்கு எழுதிய வான்கோ, பார்ப்பவர்களுக்கு இந்த மிகை கேலிச்சித்திரமாகத்தான் படும் என்றும் சேர்த்துக்கொண்டார். எனக்கு அப்படிப் படவில்லை. கிராஃபிக் படங்களின் கீழே பெரும்பாலும் தொழில்தான் இருக்கும், ஆளின் பெயர் இருக்காது. இவரையோ அதே கடிதத்தில் பெயர் சொல்லி, மரியாதை அடைமொழியோடு அறிமுகப்படுத்துகிறார் வான்கோ.

சீக்கிரமே, ஆரஞ்சுப் பின்னணியில், கைத்தடியோடு இவரை இன்னொரு முறை வரைந்தார். அது தனியார் வசம் இருக்கிறது. நீலப் பின்னணிப் படத்தை, கலிபோர்னியாவின் பசடேனாவில் உள்ள நார்டன் சைமன் அருங்காட்சியகம் வைத்திருக்கிறது.