ஊர்ப்புறத்தில் ஒரு வீடு: உறுதியைப் பார்த்த பின் விலையைப் பேசுவோம்

போர் முடிந்து பதினைந்து ஆண்டுகள் கடந்த பின்னரும் வடக்கில் வாடகை வீட்டிலும் உறவினரின் வளவிலும் காலம் தள்ளும் குடும்பங்கள் பல. நகருக்குள் காணி வாங்குவது கூலி வேலை செய்பவருக்கும் சாதாரண அரச ஊழியருக்கும் இயலாத காரியமாகிவிட்டது. அதனால் நகரை ஒட்டிய கிராமங்களில் தேடுகிறார்கள். யாழ்ப்பாணத்தில் இருபாலை, உரும்பிராய், கிளிநொச்சியில் உதயநகர், கனகபுரம், வவுனியாவில் கூமாங்குளம், நெளுக்குளம் என்று இந்தத் தேடல் நீள்கிறது.

அப்படித் தேடும்போது ஒரே ஒழுங்கையில் அருகருகே இருக்கும் இரண்டு வளவுகளில் ஒன்று மற்றையதின் பாதி விலைக்குக் கிடைப்பதுண்டு. மண்ணும் கிணறும் ஒன்றுதான். "ஆக்கள் வெளியில இருக்கினம், அவசரமா விக்கினம்" என்று தரகர் காரணம் சொல்வார். சில வேளை அது உண்மையாக இருக்கலாம். ஆனால் பல வேளைகளில் விலை குறைவதற்குக் காரணம் காணியின் பத்திரங்களில் இருக்கும் குழப்பம்தான். இடப்பெயர்வும் இழப்பும் மனிதர்களைச் சிதறடித்ததைப் போலவே காணி உரித்தின் தொடர்ச்சியையும் அறுத்துவிட்டன. அறுந்த இடத்தைக் கண்டுபிடிக்காமல் காசு கொடுத்தால், மலிவாக வாங்கிய வீடே குடும்பத்தின் மிகப் பெரிய கடனாகிவிடும்.

உறுதிக் காணியா, அனுமதிப்பத்திரக் காணியா?

முதலில் கேட்க வேண்டிய கேள்வி இதுதான். யாழ். குடாநாட்டில் பெரும்பாலானவை தனியார் உறுதிக் காணிகள். வன்னியில் குடியேற்றத் திட்டங்களின் கீழ் வழங்கப்பட்ட அரச காணிகள் அதிகம். இவை 1935ஆம் ஆண்டின் 19ஆம் இலக்கக் காணி அபிவிருத்திக் கட்டளைச் சட்டத்தின் கீழ் அனுமதிப்பத்திரமாகவோ அளிப்பாகவோ கொடுக்கப்பட்டவை. அனுமதிப்பத்திரம் வைத்திருப்பவர் காணியின் முழு உரிமையாளர் அல்லர். அவர் தன் விருப்பப்படி அதை விற்க முடியாது. அளிப்புப் பெற்ற காணியைக் கைமாற்றுவதற்கும் பிரதேச செயலாளரின் முன் அனுமதி தேவை. இச்சட்டத்தை மீறி எழுதப்படும் உறுதி செல்லாது என்று சட்டமே சொல்கிறது.

இருந்தும் இத்தகைய காணிகள் கைமாறிக்கொண்டுதான் இருக்கின்றன. முத்திரை ஒட்டிய தாளில் "இன்னாருக்குக் கொடுத்துவிட்டேன்" என்று எழுதி, சமாதான நீதவான் ஒருவரிடம் கையொப்பம் வாங்கிக் கொடுப்பார்கள். 1840ஆம் ஆண்டின் 7ஆம் இலக்க மோசடித் தடுப்புக் கட்டளைச் சட்டத்தின்படி காணி விற்பனை நொத்தாரிசு முன்னிலையில், இரண்டு சாட்சிகளுடன் எழுதப்பட்டால்தான் செல்லும். எத்தனை கையொப்பங்கள் இருந்தாலும் அந்தத் தாள் உங்களை உரிமையாளராக்காது.

வீட்டுத்திட்ட வீடுகளிலும் இதே கவனம் வேண்டும். இந்திய வீட்டுத்திட்டத்தில் வடக்கு கிழக்குப் பயனாளி ஒருவருக்கு 5 இலட்சத்து 50 ஆயிரம் ரூபா கட்டம் கட்டமாக வழங்கப்பட்டது. அந்தப் பணம் வீடு கட்டுவதற்கானது. அனுமதிப்பத்திரக் காணியில் கட்டிய வீடு என்பதால் அந்தக் காணி உறுதிக் காணியாக மாறிவிடாது. பிரதேச செயலகத்தின் காணிக் கிளைக்குச் சென்று அந்தத் துண்டு யார் பெயரில் இருக்கிறது, பின்னுரிமையாளர் யார், கைமாற்ற அனுமதி கிடைக்குமா என்று கேளுங்கள். வனவளத் திணைக்களத்தின் எல்லைக்குள் வருகிறதா என்பதையும் சேர்த்துக் கேளுங்கள்.

30 ஆண்டுத் தோம்பு போதாது

உறுதிக் காணி என்றால் காணிப் பதிவகத்தில் தோம்பு பார்க்க வேண்டும். அந்தக் காணி யாரிடமிருந்து யாருக்குப் போனது, ஈடு வைக்கப்பட்டிருக்கிறதா, வழக்கு ஏதும் பதியப்பட்டிருக்கிறதா என்பது அதில் தெரியும். வழக்கமாக 30 ஆண்டுகள் பின்னோக்கிப் பார்ப்பார்கள். எங்களுக்கு அது போதாது. இன்றிலிருந்து 30 ஆண்டுகள் பின்னால் போனால் 1995 ஒக்டோபர் வலிகாம இடப்பெயர்வை ஒட்டிய காலத்தில் போய் நிற்போம். அதற்கு முன்னர் 1990 ஒக்டோபரில் வடக்கின் முஸ்லிம் மக்கள் வெளியேற்றப்பட்டார்கள். அந்தக் காலத்தில் நடந்த கைமாற்றங்களில் நெருக்கடியில் வந்த விலைக்குக் கொடுத்தவையும் உண்டு, உரியவருக்குத் தெரியாமல் நடந்தவையும் உண்டு. எனவே 1983க்கு முந்திய உறுதி வரை பார்க்கும்படி உங்கள் சட்டத்தரணியிடம் சொல்லுங்கள்.

உறுதி தொலைந்துவிட்டது என்று விற்பவர் சொன்னால் அதை மட்டும் வைத்து அவரைச் சந்தேகிக்கத் தேவையில்லை. முள்ளிவாய்க்கால் வரை பையில் சுமந்து சென்ற உறுதிகளை இழந்தவர்கள் நம்மில் எத்தனையோ பேர். ஒவ்வொரு உறுதியின் ஒரு பிரதி நொத்தாரிசிடம் இருக்கும். இரண்டாம் பிரதி காணிப் பதிவகத்துக்கு அனுப்பப்பட்டிருக்கும். அங்கிருந்து அத்தாட்சிப்படுத்திய பிரதி எடுக்கலாம். பதிவேட்டின் பக்கம் சிதைந்திருந்தால், அடுத்து என்ன செய்வது என்பதைச் சட்டத்தரணி சொல்லும் வரை முற்பணம் கொடுக்க வேண்டாம்.

"பத்து வருசம் ஆண்டது" என்றால்

சில காணிகளுக்கு மூல உறுதி இருக்காது. வெளிப்படுத்தல் உறுதி மட்டும் இருக்கும். "இக்காணியைப் பத்து ஆண்டுகளுக்கு மேலாக ஆண்டு அனுபவித்து வருகிறேன்" என்று ஒருவர் தானே எழுதிக்கொள்ளும் உறுதி அது. 1871ஆம் ஆண்டின் ஆட்சியுரிமைக் கட்டளைச் சட்டம் பத்து ஆண்டு ஆட்சியை ஏற்றுக்கொள்கிறது என்பது உண்மைதான். ஆனால் எந்த ஆட்சியும் அதற்குப் போதாது. உரியவருக்கு எதிரான, தடையற்ற ஆட்சியாக இருக்க வேண்டும். காணியைப் பார்த்துக்கொள்ளும்படி விடப்பட்டவரும், அனுமதியோடு குடியிருந்தவரும் காலம் கடந்ததாலேயே உரிமையாளர் ஆவதில்லை. சகோதரர் ஒருவர் ஆண்டால் அது மற்றைய பங்காளிகளுக்காகவும் ஆண்டதாகவே பொதுவாகக் கருதப்படும்.

போர்க்காலத்தை இந்தக் கணக்கில் சேர்ப்பது நியாயமா என்ற கேள்விக்குப் பதிலாகவே 2016ஆம் ஆண்டின் 5ஆம் இலக்கச் சட்டம் கொண்டுவரப்பட்டது. 1983 மே 1 முதல் 2009 மே 18 வரை ஆயுத மோதல் காரணமாக உரிமையைத் தேட முடியாதிருந்தவர்களுக்கு எதிராக அந்தக் காலத்தை எண்ணக்கூடாது என்பது அதன் சாரம். அச்சட்டம் இன்றைய ஒரு வழக்குக்கு எந்த அளவுக்கு உதவும் என்பதைச் சட்டத்தரணிதான் சொல்ல வேண்டும். வாங்குபவர் விளங்கிக்கொள்ள வேண்டியது, வெளிப்படுத்தல் உறுதி ஒரு கோரிக்கை மட்டுமே. அது தீர்ப்பு அல்ல.

விற்பவருக்கு விற்க உரிமை இருக்கிறதா?

உரியவர் கனடாவிலோ பிரான்ஸிலோ இருந்தால் அற்றோர்னித் தத்துவத்தின் மூலம் விற்பனை நடக்கும். அது காணியை விற்கும் அதிகாரத்தைத் தெளிவாகக் கொடுக்கிறதா, பதியப்பட்டிருக்கிறதா, இரத்துச் செய்யப்படவில்லையா என்று பாருங்கள். தத்துவம் கொடுத்தவர் இறந்தால் அதுவும் முடிந்துவிடும். ஆகவே உரியவரோடு நேரில் காணொளி அழைப்பில் பேசுங்கள். "அவர் பிஸி, நான் எல்லாம் பாக்கிறன்" என்ற பதிலோடு திருப்திப்பட வேண்டாம்.

தேசவழமைக்கு உட்பட்டவர்கள் இன்னும் இரண்டு விடயங்களைக் கவனிக்க வேண்டும். ஒன்று, 1947ஆம் ஆண்டின் 59ஆம் இலக்கச் சட்டப்படி, பிரிக்கப்படாத பங்கை விற்கும்போது பங்காளிகளுக்கும் சட்ட வாரிசுகளுக்கும் முதலில் வாங்கும் உரிமை உண்டு. அவர்களுக்கு முறைப்படி அறிவிக்காமல் நீங்கள் வாங்கினால் பின்னர் வழக்கு வரலாம்.

இரண்டாவது, மணமான பெண் தன் சீதனக் காணியையே விற்பதற்கும் கணவனின் எழுத்துமூலச் சம்மதம் தேவை என்று 1911ஆம் ஆண்டின் யாழ்ப்பாணத் திருமண உரிமைகள் சட்டம் சொல்கிறது. இது மாற்றப்பட வேண்டிய சட்டம் என்று பெண்கள் அமைப்புகள் நெடுங்காலமாகச் சொல்லி வருகின்றன. கணவன் வலிந்து காணாமல் ஆக்கப்பட்ட பெண் யாரிடம் சம்மதம் வாங்குவது? கணவனின் இருப்பிடம் தெரியாத நிலையில் மாவட்ட நீதிமன்றத்தின் அனுமதியைப் பெறச் சட்டத்தில் இடமுண்டு. அப்படி ஒரு பெண்ணிடம் வாங்குகிறீர்கள் என்றால், சிக்கல் இருக்கிறது என்று சொல்லி விலையைக் குறைக்காமல் அந்த அனுமதியைப் பெறும் வரை பொறுத்திருங்கள். அவருக்கும் உங்களுக்கும் அதுவே பாதுகாப்பு. காணி கணவனின் பெயரில் இருந்தால் நிலைமை வேறு. அதை மனைவி தனியே விற்க முடியாது.

எல்லை, கிணறு, ஒழுங்கை

பத்திரம் சரியாக இருந்தால் காணியைப் போய்ப் பாருங்கள். 16 பரப்பு ஓர் ஏக்கர், ஒரு பரப்பு 10 பேர்ச். பழைய உறுதிகளில் நெல்லுப் பரப்பு, வரகுப் பரப்பு என்று வேறு வேறு கணக்குகள் வருவதால் அனுமதி பெற்ற நில அளவையாளரைக் கொண்டு புதிதாக அளக்க வேண்டும். உறுதியில் கிழக்கு எல்லைக்கும் வடக்கு எல்லைக்கும் எழுதப்பட்டிருக்கும் பெயர்கள் எப்போதோ ஊரைவிட்டுப் போனவர்களுடையதாக இருக்கலாம். ஊரில் எஞ்சியிருக்கும் முதியவர்களிடமும் கிராம அலுவலரிடமும் விசாரியுங்கள்.

கிணறு பொதுக் கிணறு என்றால் அதில் உங்களுக்குரிய பங்கும் வழிவாய்க்கால் உரிமையும் உறுதியில் எழுதப்பட வேண்டும். ஒழுங்கை இன்னொருவரின் காணிக்குள்ளால் போகிறது என்றால் பாதை உரிமை எழுத்தில் இருக்க வேண்டும். குடாநாட்டின் சுண்ணக்கல் நிலத்தில் ஒரு வளவின் கழிவு அடுத்த வளவின் கிணற்றுக்குப் போவது எளிது. சுன்னாகத்தில் கிணறுகளில் எண்ணெய் கலந்ததை மறந்துவிட முடியாது. தண்ணீரைப் பரிசோதித்துப் பாருங்கள். பிரதேச சபையில் சோலைவரி நிலுவை இருக்கிறதா, வீட்டுக்குக் கட்டட அனுமதி இருக்கிறதா என்றும் கேளுங்கள்.

விலைக்கு மேல் வரும் செலவு

விற்பனை உறுதிக்கு முத்திரைத் தீர்வை முதல் 100,000 ரூபாவுக்கு 3 வீதம், மிகுதிக்கு 4 வீதம். 40 இலட்சம் பெறுமதியான வீட்டுக்கு இது 159,000 ரூபா. அதோடு நொத்தாரிசு கட்டணம், அளவைக் கட்டணம், தோம்புச் செலவு, தரகர் காசு எல்லாம் சேரும். இதை மிச்சம் பிடிக்க உறுதியில் விலையைக் குறைத்து எழுதச் சொல்வோர் உண்டு. பெறுமதியை மதிப்பிட்டு மிகுதித் தீர்வையைக் கேட்க அதிகாரிகளுக்கு முடியும். பின்னர் வழக்கு வந்தால் நீங்கள் கொடுத்த முழுத் தொகையை நிரூபிப்பதும் கடினமாகும்.

எழுதிய உறுதியை உடனே பதிவு செய்யுங்கள். பதியாமல் அலுமாரியில் வைத்திருக்கும் உறுதியை, அதே காணிக்குப் பின்னர் விலை கொடுத்து எழுதி முறையாகப் பதியப்பட்ட இன்னொரு உறுதி முந்திவிடக்கூடும்.

இரண்டு பக்கத்திலும் நாங்கள்தான்

2025 மார்ச்சில் வடக்கின் ஏறத்தாழ 5,900 ஏக்கர் காணிக்கு மூன்று மாதத்துக்குள் உரிமை கோர வேண்டும், இல்லாவிட்டால் அது அரச காணியாகிவிடும் என்று வர்த்தமானி வந்தபோது நாங்கள் எல்லோரும் கொதித்தோம். உறுதி தொலைந்தவர்கள், வெளிநாட்டில் இருப்பவர்கள், இறந்தவர்களின் பிள்ளைகள் அந்தக் காலத்துக்குள் எப்படி நிரூபிப்பார்கள் என்று கேட்டோம். உயர் நீதிமன்றம் அதற்கு இடைக்காலத் தடை விதித்தது. அரசிடம் கேட்ட அதே கேள்வி, மலிவாகக் கிடைக்கும் ஒரு வளவின் படலையில் நிற்கும்போது எங்களுக்கும் பொருந்தும். இல்லாத ஒருவரின் காணியை இருப்பவர் விற்கிறார் என்றால் அங்கே இழப்பவர் இன்னொரு இடம்பெயர்ந்த குடும்பம்தான்.

ஆகவே முற்பணம் கொடுப்பதற்கு முன்னர் ஒரு நாள் காணிப் பதிவகத்துக்கும், ஒரு நாள் பிரதேச செயலகத்துக்கும், ஒரு நாள் அயலவர்களிடமும் போங்கள். விற்பவரின் சட்டத்தரணியை விட்டு உங்களுக்கென்று ஒருவரை வைத்துக்கொள்ளுங்கள். அதற்குக் கட்ட வசதி இல்லாவிட்டால் சட்ட உதவி ஆணைக்குழுவின் அலுவலகத்தில் ஆலோசனை கேட்கலாம். முற்பணம் கொடுப்பதாயின், உரித்தில் குறை காணப்பட்டால் பணம் திரும்பத் தரப்படும் என்பதை நொத்தாரிசு எழுதிய உடன்படிக்கையில் சேருங்கள். "நாளைக்கே வேற ஆள் காசோட வாறார்" என்று தரகர் சொன்னால், வரட்டும் என்று விட்டுவிடுங்கள். தறப்பாளிலும் தகரத்திலும் இத்தனை வருடம் இருந்த குடும்பம், உறுதி சரியாகும் வரை இன்னும் மூன்று மாதம் வாடகை வீட்டில் இருக்கலாம்.