உங்களுக்குத் தெரியுமா? கேமும் கிராபிக்ஸ் கார்டும்

கேம் ரசிகர்கள் இருவர் சந்தித்தால், கொஞ்ச நேரத்தில் பேச்சு 'உன் கார்டு என்ன?' என்பதில் வந்து நிற்கும். கார்டு வேண்டும்தான். ஆனால் ஒரு கேமை உயர்த்துவது அதை உருவாக்கியவரின் யோசனைதான் என்பது என் உறுதியான கருத்து. கேம்களின் வரலாறும் அதற்குச் சாட்சி.

★ பிராசசரே இல்லாத கேம்
1972இல் அடாரி நிறுவனத்துக்காக ஆலன் ஆல்கார்ன் உருவாக்கிய 'பாங்' மெஷினுக்குள் பிராசசர் கிடையாது. ஒரு வரி புரோகிராம்கூடக் கிடையாது. பந்து திரும்புவதும் ஸ்கோர் ஏறுவதும் சாதாரண லாஜிக் சிப்களை இணைத்த சர்க்யூட்டின் வேலை. மட்டையின் நடுவில் பட்டால் பந்து நேராகப் போகும், ஓரத்தில் பட்டால் சாய்ந்து போகும். அந்த ஒரு யோசனையால்தான் ஆட்டத்தில் சுவை கூடியது.

★ சுடச்சுட வேகம்
1978இல் ஜப்பானின் தைட்டோ நிறுவனம் வெளியிட்ட 'ஸ்பேஸ் இன்வேடர்ஸ்' ஆட்டத்தில், எதிரிகள் குறையக் குறைய மிச்சமிருப்பவர்கள் வேகமாக நகர்வார்கள். வரைய வேண்டிய உருவங்கள் குறைந்ததால் பிராசசருக்குச் சுமை குறைந்தது, அதுதான் காரணம். உருவாக்கிய தொமோஹிரோ நிஷிகாடோ அதைச் சரிசெய்யாமல் விட்டுவைத்தார். ஹார்டுவேரின் போதாமையே ஆட்டத்தின் பரபரப்பாக மாறியது.

★ மேகமும் புதரும் ஒன்றே
1985இல் வந்த 'சூப்பர் மாரியோ பிரதர்ஸ்' விளையாட்டில் வானத்து மேகமும் தரையிலுள்ள புதரும் ஒரே படம்தான். நிறம் மட்டும் வேறு. முழு கேமும் 40 கிலோபைட்டுக்குள் அடங்க வேண்டியிருந்தது. இடமில்லை என்று ஒதுங்காமல், இருந்த இடத்தில் ஓர் உலகத்தையே கட்டினார்கள்.

★ 96 கிலோபைட்டில் முப்பரிமாணம்
2004இல் ஜெர்மனியில் ஒரு சிறு குழு உருவாக்கிய 'கேகிரீகர்' என்ற துப்பாக்கிச் சண்டை கேமின் அளவு வெறும் 96 கிலோபைட். சுவர், தரை, எதிரிகள் ஆகியவற்றின் படங்களைச் சேமித்து வைக்காமல், அவற்றை வரையும் செய்முறையை மட்டும் எழுதிவைத்தார்கள். கேமைத் திறக்கும்போது கம்ப்யூட்டரே எல்லாவற்றையும் வரைந்துகொள்ளும். இன்று நூறு ஜிகாபைட்டைத் தாண்டும் கேம்களை டவுன்லோட் செய்யும்போதெல்லாம் எனக்கு இந்தக் குழுவின் மேல் மரியாதை கூடுகிறது.

★ முக்கோணம் வென்ற கதை
என்விடியா 1995இல் வெளியிட்ட முதல் சிப் 'என்வி1', உருவங்களை வளைந்த பரப்புகளால் வரைந்தது. மைக்ரோசாஃப்டின் டைரக்ட்3டி முக்கோணங்களைத் தேர்ந்தெடுத்ததும் கேம் நிறுவனங்கள் அந்தப் பக்கம் போய்விட்டன. 1997இல் முக்கோணத்துக்கு மாறிய 'ரிவா 128'தான் என்விடியாவைக் காப்பாற்றியது. எல்லோருக்கும் பொதுவான வழியே நிலைக்கும் என்று நான் நம்புகிறேன். அதனால்தான் 2021இல் ஏஎம்டி வெளியிட்ட எஃப்எஸ்ஆர் (சிறிய அளவில் வரைந்த படத்தைப் பெரிதாக்கி கேமின் வேகத்தைக் கூட்டும் நுட்பம்), போட்டி நிறுவனத்தின் கார்டிலும் ஓடியதைப் பெரிதும் வரவேற்றேன்.

★ 4கே என்றால் நான்கு மடங்கு
1080பி திரையில் சுமார் 20 லட்சம் பிக்சல்கள். 4கே திரையில் சுமார் 83 லட்சம். விநாடிக்கு 60 ஃப்ரேம் வேண்டுமென்றால், அத்தனை பிக்சலையும் 16.7 மில்லிவிநாடிக்குள் கார்டு வரைந்து முடிக்க வேண்டும். ஒரு ஃப்ரேம் தாமதமானாலும் கண்ணுக்கு முன் கைக்குத் தெரிந்துவிடும். திக்கித் திணறும் 4கேயைவிட, சீராக ஓடும் 1080பி எவ்வளவோ மேல்.

★ நினைவகம் நிரம்பினால்...
கார்டில் இருக்கும் விரேம் போதாதபோது, டெக்ஸ்சர் படங்களை மதர்போர்டு ரேமிலிருந்து இழுத்துவர வேண்டியிருக்கும். அந்தப் பாதை மெதுவானது. கேம் சட்டென்று நின்று நின்று ஓடுவதற்கு இதுவும் ஒரு காரணம். விரேம் தாராளமாக இருந்தால் டெக்ஸ்சரை 'ஹை'யில் வைக்கலாம், வேகம் பெரிதாகக் குறையாது. குறைக்க வேண்டுமானால் முதலில் ஷேடோவைக் குறையுங்கள்.

★ ஆறு மின்விசிறி
2022இல் வந்த ஆர்டிஎக்ஸ் 4090 கார்டின் மின் தேவை 450 வாட். வீட்டில் சுழலும் 75 வாட் சீலிங் ஃபேன் ஆறுக்குச் சமம். கார்டுக்குக் கொட்டிக் கொடுத்துவிட்டு எஸ்எம்பிஎஸ்ஸில் மிச்சம் பிடிக்காதீர்கள்.

★ ஒளியைத் துரத்திய ஆராய்ச்சி
ஒளிக்கதிர் கண்ணாடியில் பட்டு, நீரில் வளைந்து போகும் பாதையைக் கணக்கிட்டுப் படம் வரையும் முறையை டர்னர் விட்டட் 1980இல் விளக்கினார். அன்று ஒரே படத்துக்கு ஒரு மணி நேரத்துக்கு மேல் ஆனது. 2018இல் வந்த ஆர்டிஎக்ஸ் கார்டுகள் அதே ரே டிரேசிங்கை ஆட்டத்தின் நடுவிலேயே செய்துகாட்டின. மழைத் தெருவில் விளக்கொளி பிரதிபலிப்பதைப் பார்க்க அருமையாக இருக்கிறது. ஆனாலும் ஒளி அசையாத இடங்களில், முன்கூட்டியே கணக்கிட்டுவைத்த பழைய முறையே போதும் என்பேன்.

★ கேம் கார்டில் வளர்ந்த ஏஐ
2012இல் படங்களை அடையாளம் காணும் போட்டியில் எல்லோரையும் பின்னுக்குத் தள்ளிய 'அலெக்ஸ்நெட்', டொரோன்டோ பல்கலைக்கழகத்தில் உருவானது. அதற்குப் பயிற்சி கொடுத்தவை இரண்டு ஜிடிஎக்ஸ் 580 கார்டுகள், அதாவது அன்று கடையில் கேம் ரசிகர்கள் வாங்கிய அதே கார்டு. கிராபிக்ஸ் கார்டுத் தொழிலை வளர்த்தவர்கள் ரசிகர்கள். அவர்களுக்குக் கட்டுப்படியாகும் விலையில் நல்ல கார்டு தருவது நிறுவனங்களின் கடமை.

★ இட்லியில் தொடங்கும் கேம்
கனடாவில் குடியேறிய தமிழ்க் குடும்பத்தின் கதை சொல்லும் 'வெண்பா' 2023இல் வந்தது. அம்மாவின் கிழிந்த சமையல் குறிப்பேட்டைப் புரிந்துகொண்டு சமைப்பதுதான் ஆட்டம். ரே டிரேசிங் இல்லை, 4கே பகட்டு இல்லை. கையால் வரைந்த இருபரிமாணப் படங்கள் மட்டுமே. 2024இல் சிறந்த அறிமுக கேமுக்கான பாஃப்டா விருதை வென்றது. சாதாரண லேப்டாப்பிலும் ஓடும்.

புது கார்டுக்காகப் பணம் சேர்ப்பவர்களுக்கு ஒரு வார்த்தை: அதில் கொஞ்சம் எடுத்து, இப்போதிருக்கும் கம்ப்யூட்டரிலேயே ஓடும் நல்ல கேம் இரண்டை முதலில் வாங்கி விளையாடுங்கள். அதற்குப் பிறகும் கார்டு தேவைப்பட்டால், எதற்காக வாங்குகிறோம் என்ற தெளிவோடு வாங்குவீர்கள்.